திராட்சைக்கு ஒரு நீதி, தோட்டத்தானுக்கு ஒரு நீதியா?

கற்றறிந்த அன்பர் கூட்டமொன்றில் அண்மையில் இருவகைப் பேச்சு அடுத்தடுத்து எழக் கேட்டோம். முதற் பேச்சு ஸ்பெயின் தேசத்துச் செந்நிறத் திராட்சை மதுவைப் பற்றியது. அம்மது எம்மண்ணில் விளைந்தது, எம்மலைக் காற்றில் முதிர்ந்தது, எத்தனை ஆண்டு எம்மரப் பீப்பாயில் உறங்கியது என்பதையெல்லாம் அன்பரொருவர் விரித்துரைத்தார். ஏனையோர் வியந்து கேட்டனர். அப்பேச்சு ஓய்ந்து அரைநாழிகை ஆகவில்லை. பேச்சு நம் தோட்டப்புறத்து மக்கள்பால் திரும்பிற்று. "தோட்டத்தானை என்ன செய்தாலும் திருத்த முடியாது. குடி அவன் இரத்தத்தில் ஊறியது, அது பிறவிக்குணம்" என்று அதே அன்பர் அதே வாயால் தீர்ப்பளித்தார். முன்பு வியந்தவர்கள் இப்பொழுது தலையசைத்தனர்.

புட்டிக்குள் இருக்கும் மதுவின் குணத்திற்குக் காரணம் கேட்கின்றார்கள். மண்ணைச் சொல்லுகின்றார்கள், மழையைச் சொல்லுகின்றார்கள், வளர்த்த முறையைச் சொல்லுகின்றார்கள். அம்மாதிரி ஒன்றைக் குடிக்கும் ஏழை மனிதனின் குணத்திற்கு மட்டும் காரணம் கேட்பதில்லை. பிறப்பு என்று கூறிக் கதவை அடைத்து விடுகின்றார்கள். இந்த இரட்டை நீதியைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதத் துணிந்தோம்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுவோம். மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஏழையின் வீட்டு அடுப்பை அவித்த பொருள்களில் குடியைப் போன்றது வேறொன்றில்லை என்பதே நம் துணிபு. ஆனால், குடியை ஒழிக்க வேண்டுவோர் குடி எவ்வாறு விளைகின்றது என்று அறிய வேண்டும். அதனை அறிய, அன்பர் வியந்த அந்த ஸ்பெயின் தேசத்துத் திராட்சைக்கொடியே நமக்கு நல்லாசிரியனாகின்றது.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் எப்ரோ ஆற்றை ஒட்டி ரியோஹா என்னும் நிலப்பகுதி இருக்கின்றது. அதற்கு வடக்கே காண்டாபிரிய மலைத்தொடர் ஒரு மதில்போல் நிற்கின்றது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றின் வேகத்தை அம்மலை தடுப்பதால், அதன் அடிவாரத்தில் திராட்சை அழுகாமல் முதிர்கின்றது. களியும் சுண்ணாம்பும் கலந்த மண் ஓரிடம். இரும்பேறிச் சிவந்த களிமண் ஓரிடம். ஆறு கொணர்ந்து கொட்டிய வண்டல் ஓரிடம். கொடி ஒன்றேயாயினும் இம்மூவகை மண்ணில் மூவகைச் சுவை பிறக்கின்றது. இன்னும் தென்மேற்கே சென்றால் ரிபேரா டெல் டூரோ என்னும் மேட்டுநிலம் வரும். அது கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் முதல் 900 மீட்டருக்கு மேலும் உயர்ந்தது. அங்கே கோடைப் பகலில் வெயில் சுடும். இரவிலோ குளிர் நடுக்கும். பகல் வெப்பம் பழத்தில் இனிப்பையும் தோலில் நிறத்தையும் ஏற்றுகின்றது. இரவுக் குளிர் புளிப்பைக் காத்து வைக்கின்றது. கட்டலோனியாவில் பிரியோராட் என்னும் மலைநாட்டில் மண்ணென்று சொல்ல அதிகமில்லை. உடைந்த கரும்பலகைக் கற்களே நிலம். அங்கே கொடி நீரைத் தேடி வேரைப் பாறைப் பிளவுக்குள் ஆழச் செலுத்துகின்றது. காய்ப்பது கொஞ்சம், அந்தக் கொஞ்சமும் அடர்ந்த சுவையுடையது.

ரியோஹாவின் தலையாய திராட்சைக்கு டெம்ப்ரானியோ என்று பெயர். 'முந்தியது' என்னும் பொருள்பட்ட ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். மற்றவற்றிற்கு முன்னே பழுப்பதால் அவ்வாறு அழைக்கின்றார்கள். பழுத்த பின்னும் அதன் கதை முடிவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரான்சு தேசத்துப் போர்தோ நகரத்து முறை ரியோஹாவில் நுழைந்தது. அதுமுதல் 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் மதுவை ஊறவைக்கத் தலைப்பட்டனர். ஓராண்டு பீப்பாயிலும் எஞ்சிய காலம் புட்டியிலுமாக இரண்டாண்டு நிறைந்ததற்கு ஒரு பெயர். மூன்றாண்டு நிறைந்ததற்கு வேறு பெயர். ஐந்தாண்டு நிறைந்ததற்கு மேலான பெயர். இவற்றுள் முதற் பெயர் 'கிரியான்சா' என்பது.

அச்சொல்லுக்குப் பொருள் என்ன? வளர்ப்பு! குழந்தையை வளர்த்தலுக்கும் அவர்கள் வழங்கும் சொல் அதுவே. புட்டியின் நெற்றியில் 'இது வளர்ப்பு' என்று அச்சிட்டு ஒட்டியிருக்கின்றார்கள். அதனைக் கையில் ஏந்திப் படித்த நம் அன்பர், எதிரே நிற்கும் மனிதனைப் பார்த்து 'அது பிறப்பு' என்கின்றார்! புட்டியின் மேலுள்ள எழுத்தளவேனும் அவர் கல்வி உள்ளே இறங்கவில்லையே என்று இரங்குகின்றோம்.

சிலர் இவ்விடத்தில், "வளர்ப்பு மெய்யே, ஆனாலும் உயர்ந்த இனத்துக் கொடி வேண்டுமன்றோ? குலம் இல்லாமல் குணம் ஏது?" என்று வாதிக்கக்கூடும். குலம் பேசுவார்க்குத் திராட்சை அளிக்கும் மறுமொழியைக் கேளுங்கள்.

1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு வேர்ப்பேன் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்தது. பிலோக்சரா என்பது அதன் பெயர். பரம்பரைப் பெருமை பேசிய ஐரோப்பியக் கொடிகளெல்லாம் அதன்முன் நிற்கமாட்டாமல் வேரழுகி மடிந்தன. 1899-இல் அது ரியோஹாவையும் வந்தடைந்தது. எத்தனையோ மருந்து தெளித்துப் பார்த்தும் பயனில்லை. இறுதியில் கொடிகளைக் காத்தது எது? யாரும் மதியாத அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்! அவ்வேர் அப்பேனைத் தாங்கி வாழப் பழகியது. அதன்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டி நட்டனர்; பிழைத்தது. இன்று ஐரோப்பாவின் 'உயர்குல'த் திராட்சைகளில் மிகப் பெரும்பாலானவை காட்டுக்கொடியின் காலில் நின்றே காய்க்கின்றன. டெம்ப்ரானியோவும் இரு வேறு திராட்சை இனங்கள் தாமாகக் கலந்ததனால் பிறந்த கொடியே என்பதை மரபணு ஆராய்ச்சி காட்டிவிட்டது. கலப்பிற் பிறந்து, அயலான் வேரில் நின்று, மரப்பீப்பாயில் வளர்க்கப்பட்ட ஒன்றைத்தான் 'குலத்தின் சிறப்பு' என்று கொண்டாடுகின்றார்கள். வருணாசிரமக் கூட்டத்தார் இந்தத் தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து வருவது அவர்கட்கு நல்லது.

ஸ்பெயின் வரை போவானேன்? நம் கண்முன் கேமரன் மலை இருக்கின்றது.

1885-இல் வில்லியம் காமெரன் என்னும் அளவைத்துறையாளர் பகாங் மாநிலத்தின் இம்மேட்டுநிலத்தைக் கண்டு எழுதினார். மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்து, இது குளிர்வாசத்திற்கேற்ற இடம் என்று வற்புறுத்தினார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கையில் தேயிலைப் பயிரிற் பழகிய மில்ன் என்பாருடன் கூடி, போ தோட்டத்தைத் தொடங்கினார். இப்பெயர்களெல்லாம் நூல்களில் இருக்கின்றன, இருக்கட்டும். ரஸ்ஸலுடைய முயற்சியை நாம் குறைத்துக் கூற வரவில்லை.

இம்மலைத் தேயிலையின் சுவையைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகட்குச் சொல்லப்படுவது என்ன? தானா ராத்தா ஊர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. சமவெளி வெயிலில் வேகும்போது இங்கே காலையில் பனிமூட்டம் படிகின்றது. திராட்சை வறண்ட கோடையை விரும்பும். தேயிலையோ இலைப்பயிராதலால் ஆண்டு முழுதும் மழையை வேண்டும். கருங்கல் உதிர்ந்து உண்டான புளிப்பு மண் தேயிலைக்கு உகந்தது. மலைச்சரிவு வேரில் நீர் தேங்காமல் வடித்து விடுகின்றது. குளிரில் கொழுந்து மெல்ல வளர்கின்றது. மெல்ல வளர்வதால் மணம் இலையில் சேர்கின்றது. பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் இலையுதிர்ந்து உறங்கும் பனிக்காலம் இல்லை. ஏறத்தாழ மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஒரே செடியில் மீண்டும் கொழுந்தெடுக்கலாம்.

இவையெல்லாம் மெய்யே. ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் பாதி பொய்யாகின்றது. மண்ணும் பனியும் மட்டும் தேநீராகிவிடுமா? தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாய் ஓங்கி நிற்கும். அதனைக் கவ்வாத்துச் செய்து, இடுப்பளவில் மேசைபோல் பரப்பிக் கொழுந்து விடச் செய்தது கை. இரண்டிலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளியது கை. இன்று பல சரிவுகளில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன; அவற்றை மழை வழுக்கும் சரிவிற் பிடித்து நடப்பதும் கையும் காலுமே. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. பிறகு வாட்டல், உருட்டல், நொதிக்க விடல், உலர்த்தல், சலித்தல் என்று எத்தனை படி! நொதிக்கும் நேரம் சற்றுப் பிசகினால் மணம் கெடும். உலர்த்தும் சூடு சற்று மிகுந்தால் தீய்ந்த வாடை வரும். மலை கொடுத்ததை மனிதன் காத்துக் கொடுத்தாலன்றிக் கோப்பைக்கு ஒன்றும் வந்து சேராது.

அக்கையுடையோர் யாவர்? காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தி முதற் கன்றுகளை நட்டவர்களில் நம் தமிழ்மக்களும் இருந்தார்கள். திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு ஜில்லாக்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பிக் கப்பலேறியவர் வழியினர் அவர்கள். மலைக்கு ஒருவர் பெயரும் தோட்டத்திற்கு ஒருவர் பெயரும் வரலாற்றில் நிற்க, மலைச்சரிவைப் பச்சைக் கம்பளமாக்கியவர்களில் ஒருவர் பெயரும் நம் நினைவில் இல்லை. தேயிலையின் சிறப்பைச் சொல்லும்போது மலையைச் சொல்லித் தொழிலாளியை விட்டு விடுகின்றார்கள். தொழிலாளியின் குறையைச் சொல்லும்போதோ அவன் வாழ்ந்த நிலையை விட்டு அவனை மட்டும் சொல்லுகின்றார்கள். நன்மையில் அவனுக்குப் பங்கில்லை. தீமையில் அவனைத் தவிர வேறு எவருக்கும் பங்கில்லை. நன்றாயிருக்கின்றது இந்தக் கணக்கு!

இனி, அந்தக் 'குடிகாரத் தோட்டத்தான்' விளைந்த மண்ணைப் பார்ப்போம். இதற்குக் கேமரன் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்க வேண்டும். மலைக்குளிரில் தென்னை செழிப்பதில்லை. கள்ளும் இறக்கிய ஒரு நாளில் புளித்துப் போகும். மலாயாவில் கள்ளுக்கடையின் கதை பெரிதும் தாழ்நிலத்து ரப்பர்த் தோட்டங்களின் கதை. அங்கிருந்தவரும் மலையேறியவரும் ஒரே ஊர்களிலிருந்து ஒரே கப்பல்களில் வந்த நம்மவரே.

வந்து இறங்கியவனுக்குக் கிடைத்தது என்ன? வரிசையாய் அடைத்துக் கட்டிய லயத்தில் ஓர் அறை. விடியுமுன் பெரட்டுக்களம். மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்கும் கீழே கங்காணி, கங்காணியிடம் தீராக்கடன். தோட்டத்திற்கு வெளியே போக வழியில்லை. உள்ளே போக இடமில்லை. அலுத்து வந்தவன் மாலையில் உட்கார ஒரு வாசகசாலை உண்டா? இல்லை. உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு! பத்து வயது நிரம்பிய பையனுக்குத் தக்க பள்ளி உண்டா? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டத்தின் கண்ணை மறைக்க ஒரு கொட்டகையும், கங்காணியோ கிராணியோ ஒழிந்த வேளையில் நடத்தும் பாடமும் போதுமென்றிருந்த தோட்டங்கள் பல. கள்ளுக்கடைக்கோ இத்தகைய ஒழிந்த வேளை ஏற்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. அது வேளை தவறாமல் திறந்தது.

தோட்டக் கள்ளுக்கடையின் ஆதாயத்தில் ஒரு பகுதியை நிதியாக வைத்துத் தொழிலாளர் 'நலனுக்கு'ச் செலவிட்டனர் என்பதையும் மறவாதீர். குடித்துக் கெட்டால்தான் உன் பிள்ளைக்குப் பந்தாட்டத் திடல்! தந்தையின் வயிற்றில் ஊற்றிய நஞ்சின் இலாபத்தில் மகனுக்கு மிட்டாய்! இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நாகரிகமுடையோர். இதில் அகப்பட்டவன் பிறவிக் குடிகாரன்!

இது மலாயாவில் மட்டும் நடந்ததன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே அளந்து ஊற்றினர். 'டாப்' முறை என்று அதற்குப் பெயர். தலைமுறை தலைமுறையாய் அது நீடித்தது. சட்டம் தடுத்த பின்னரும் எளிதில் ஒழியவில்லை. ஸ்பெயின் நாட்டிலேயே தெற்கே ஹெரேஸ் என்னும் ஊர் வெண்ணிற மதுவிற்குப் பேர்போனது. 1892-இல் அவ்வூருக்குள் பசித்த வயல்தொழிலாளர் திரண்டு புகுந்தனர். அரசு அவர்களுள் நால்வருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. பின்னர் பிளாஸ்கோ இபானியெத் என்னும் ஸ்பானிய எழுத்தாளர் 1905-இல் அவ்வூரை வைத்தே ஒரு நாவல் எழுதினார். மதுவினாற் செல்வரானவர் ஒருபுறமும், அம்மதுவினாலேயே மயக்கி அடக்கப்பட்ட உழைப்பாளிகள் மற்றொருபுறமுமாக அதிற் காண்கின்றோம். ஆக, குடி தமிழனின் இரத்தத்தில் மட்டும் ஊறியதாயின், ஸ்பானியத் தொழிலாளியின் இரத்தத்திலும் கேப் மாகாணத்துத் தொழிலாளியின் இரத்தத்திலும் எவ்வாறு ஊறிற்று? மூவர்க்கும் பொதுவானது இரத்தமன்று. குறைந்த கூலியும், அடைபட்ட வாழ்வும், கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்பட்ட கிண்ணமுமே பொது.

இனி, பிறவிக்குண வாதத்தை அடியோடு சாய்க்கும் சான்றொன்றைக் கூறுவோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயாளிக்குத் தக்க மருத்துவமும் கேட்டார்கள். தம் பெண்களின் மானத்திற்குக் காவல் கேட்டார்கள். துரையும் கிராணியும் எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்காதிருக்கும் உரிமை கேட்டார்கள். இவற்றோடு மற்றொன்றும் கேட்டார்கள்: கள்ளுக்கடைகளை மூடு!

குடி இரத்தத்தில் ஊறியவர்களாம். அவர்களே கடையை மூடச் சொன்னார்கள். கொடுத்த மறுமொழி என்ன? தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் துறந்தனர். 1946-இல் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே அதில் சேர்ந்து கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்தனர். லயத்திற்குள் குடித்து வந்தோரைத் தடுத்து நிறுத்தினர். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் தடியோடும் துப்பாக்கியோடும் அவ்வியக்கத்தை எதிர்கொண்டது. பலர் சிறை சென்றனர். கடையைக் காக்க நின்றது யார், மூட நின்றது யார் என்பதை வாசகர்களே கண்டுகொள்க. பிறவிக் குடிகாரன் என்று தோட்டத்தானைத் தூற்றுவோர், அவன் தெளிவோடு எழுந்து நின்ற அந்நாட்களை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?

"ஒரே லயத்தில், ஒரே கூலியில் இருவர் வாழ்கின்றனர், ஒருவன் குடிக்கின்றான், ஒருவன் குடியாதிருக்கின்றான். அப்படியானால் குணமல்லவா காரணம்?" என்று கேட்பார் உண்டு. ஒரே சரிவில் இரு கொடியும் ஒன்றுபோலக் காய்ப்பதில்லை. அதனால் மண்ணுக்கும் வெயிலுக்கும் வேலையில்லை என்று எந்தத் தோட்டக்காரனும் சொல்லமாட்டான். வெள்ளத்தில் ஒருவன் நீந்திக் கரையேறினான் என்பது வெள்ளத்திற்கு நற்சான்றாகாது.

"எல்லாம் நிலைமையின் குற்றமென்றால், குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று மற்றொரு கேள்வி எழலாம். உண்டு, நன்றாக உண்டு. அடிபட்ட பெண்ணின் முதுகுக்கு நிலைமையின் வரலாறு மருந்தாகாது. அவளும் அதே லயத்தில் வாழ்ந்தவள். அதே பெரட்டுக்களத்தில் நின்றவள். வீட்டிற்கு வந்து அடுப்பும் மூட்டியவள். அவளைக் கைநீட்டி அடித்தவனை நாம் மன்னிக்கச் சொல்லவில்லை. கொடிக்கும் மனிதனுக்கும் வேற்றுமை இங்கேதான் இருக்கின்றது. கொடி தான் நின்ற மண்ணைத் தானே மாற்ற முடியாது. மனிதன் மாற்ற முடியும். 1941-இல் மாற்ற எழுந்தான். பிறவிக்குணம் என்ற சொல்லோ அந்தப் பொறுப்பையே பறித்து விடுகின்றது. "என் தலையெழுத்து" என்று அவன் குடிக்கவும், "அவன் தலையெழுத்து" என்று நாம் கைகட்டி நிற்கவும் அச்சொல் வழி செய்கின்றது. குடிகாரனுக்கு அதைவிட வசதியான தத்துவம் வேறு கிடையாது.

அத்தத்துவத்தை நட்டு நீர் பாய்ச்சியவர்கள் வெள்ளைத் துரைமார் மட்டுமல்லர், நம்மவரும் உண்டு. கடல் கடந்து வந்தபோது ஒரு மூட்டையில் துணியும் மற்றொரு மூட்டையில் ஜாதியுமாக வந்தோம். லயத்திலும் இன்னார்க்கு இன்ன வரிசை என்று பிரித்தோம். முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சாராயமும் சுருட்டும் படைத்துவிட்டு, படைத்ததைப் பிரசாதமென்று பகிர்ந்து குடித்தோம், குடியைப் பக்தியாக்கினோம். தகப்பன் கையிலிருந்து பிரசாதமாக முதல் மிடறைப் பெற்ற பையனை, வளர்ந்தபின் பிறவிக் குடிகாரன் என்று ஏசினோம். போ தோட்டம் தொடங்கிய அதே 1929-ஆம் ஆண்டின் டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவிற்கு வந்து இறங்கினார். பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசும் இந்தப் பித்தலாட்டத்தைத்தான் சாடினார். இம்மலையில் நட்ட செடி இன்றும் கொழுந்து விடுகின்றது. அவர் இட்ட வித்தை நாம் எத்தனை வீட்டில் முளைக்க விட்டோம்?

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. கள்ளுக்கடை தேய்ந்த இடங்களில் சம்சு என்னும் மலிவுச் சாராயம் சிறு சிறு புட்டிகளில் நுழைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடுகளாகவும் ஆலைகளாகவும் மாறி, நம் மக்கள் நகரத்தின் ஓரங்களுக்குத் துரத்தப்பட்டபோது அப்புட்டியும் உடன் சென்றது. 2018 செப்டம்பரில் கோலாலம்பூர், சிலாங்கூர் பகுதிகளில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த மலிவு மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் அயல்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்.

ஆம், அயல்நாட்டார்! கேமரன் மலைச்சரிவில் இன்று கொழுந்தெடுப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் ஆவர். ரியோஹாவிலும் அறுவடைக் காலத்தில் மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களே திராட்சைக்குலை கொய்கின்றார்கள். இங்கே நம் பாட்டன் நின்ற அதே சரிவில், நம் பாட்டன் ஏறிய அதே கடனை ஏறி வந்த ஒருவன் நிற்கின்றான். அவனைப் பற்றி நம் கடைத்தெருவில் பேசப்படுவது என்ன? "அவன் நாட்டுப் புத்தி அப்படி, அந்த இனமே அப்படி" என்பதன்றோ? நம் பாட்டன் முதுகில் எறியப்பட்ட அதே கல்லைப் பொறுக்கி எடுத்து, நாம் அவன் முதுகில் எறிகின்றோம். இதனைக் கேட்டு நாணாத தமிழன், தன்னை எவனேனும் இழித்துரைத்தான் என்று முறையிடும் யோக்கியதையை இழந்தவனாவான்.

தோழர்காள்! நகரத்திலுள்ளோர்க்கு ஒன்று சொல்வோம். தோட்டத்திலுள்ளோர்க்கு ஒன்று சொல்வோம்.

நகரத்து அன்பர்களே, இரங்கற் பேச்சும் இழிசொல்லும் இரண்டும் வேண்டா. தோட்டப்பள்ளிக்கு ஆசிரியர் போதுமா என்று கேளுங்கள். வேலையிழந்து தோட்டத்தை விட்டவனுக்கு வீடு கிடைத்ததா என்று கேளுங்கள். கோவில் திருவிழாவிற்கு அள்ளிக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை வாசகசாலைக்கும், மாணவர் விடுதிக்கும், குடியை விட விரும்புவோர்க்கு வேண்டும் மருத்துவத்திற்கும் கொடுங்கள். குடி ஒரு நோயுமாகும். நோயாளிக்கு வேண்டியது வைத்தியரேயன்றி வசவன்று.

தோட்டத்துத் தோழர்களே, உங்களைப் பிறவிக் குடிகாரர் என்பவன் பொய்யன். அப்பொய்யை நீங்களே மெய்யாக்கிக் காட்டாதீர்கள். சம்பள நாளன்று கிண்ணத்தை நோக்கி நடக்கும் காலை ஒரு கணம் நிறுத்தி, இக்கிண்ணத்தை என் எதிரே வைத்தவன் யார், இதனால் பிழைப்பவன் யார் என்று கேளுங்கள். உங்கள் பாட்டனார் துப்பாக்கிக்கு முன் நின்று மூடச் சொன்ன கடை அது. படையலிலிருந்து சாராயத்தை விலக்குங்கள், முனியாண்டி கோபித்துக்கொள்ளார். உங்கள் வீட்டுப் பெண்கள் சங்கத்திலும் பேசட்டும். குடியின் கணக்கு அவர்களுக்குத்தான் சதம் சதமாகத் தெரியும்.

நம் அன்பரிடம் மீண்டும் வருவோம். ஐயா, ஸ்பெயின் தேசத்துத் திராட்சைக்குத் தாங்கள் வழங்கும் நீதியைக் குறைக்கச் சொல்லவில்லை. மண்ணையும் மழையையும் வளர்ப்பையும் விசாரித்து அறிந்தபின்னரே அதன் குணத்தைப் பேசுகின்றீர்கள், அது அறிவுடைமை. அவ்வறிவுடைமையை உங்கள் வீட்டுத் தேயிலைக்கும் அளியுங்கள். அதனைப் பறித்துத் தந்த மனிதனுக்கும் அளியுங்கள். புட்டியின் மேல் எழுதியிருக்கும் 'வளர்ப்பு' என்னும் சொல்லை அவன்மேலும் எழுதிப் படித்துப் பாருங்கள். படித்த மறுகணம், அவனை இவ்வாறு வளர்த்தோர் யாவர் என்ற கேள்வி பிறக்கும். அவ்விடையில் துரையின் பெயர் இருக்கும். கங்காணியின் பெயர் இருக்கும். நம் பெயரும் இருக்கும்.